கருவிப்பெட்டியை எளிதென்று நினைத்தேன்: 76 வயதில் ஒரு வீடு மாற்றம்

முதுமையில் பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு உடனிருந்து உதவுவது என் பணி. எதை எடுத்துச் செல்வது, எதைக் கொடுப்பது, எதைக் கழிப்பது என்று அவர்கள் முடிவெடுக்கும் நாட்களில் பக்கத்தில் இருப்பேன். இங்கே எழுதுவது ஒரே ஒருவரைப் பற்றியது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டேன். இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் நான் செய்த தவறு. எந்தப் பொருள் பிரிவதற்கு எளிது, எது கடினம் என்று அவரைக் கேட்காமலேயே வரிசை போட்டேன். அந்த வரிசை ஏறக்குறைய முழுவதும் தலைகீழாக இருந்தது.

பின்புலம்

அவருக்கு 76 வயது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கணவர் இறந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனும் மகளும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். 38 ஆண்டுகள் வாழ்ந்தது ஒரு மாடி வீடு: நான்கு அறைகள், ஒரு பரண், பின்புறம் ஒரு கொட்டகை. முழங்கால் தேய்மானத்தால் மாடிப்படி ஏறுவது கடினமாகிவிட்டது. விரல் மூட்டுகளிலும் வாதம் இருந்தது. தரைத்தளத்தில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டுக்குப் போவதென்று அவரே முடிவெடுத்திருந்தார். இது முக்கியம். பிள்ளைகள் முடிவெடுத்து, தாயைச் சம்மதிக்க வைத்த வீடு மாற்றங்களில் நான் இருந்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு கரண்டியும் ஒரு வழக்காகிவிடும்.

எங்களுக்கு 14 வாரங்கள் இருந்தன. வாரத்துக்கு இரண்டு காலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டோம். அதற்கு மேல் உட்கார்ந்தால் கடைசி அரைமணியில் எடுக்கும் முடிவுகளுக்காக மறுநாள் வருந்துவார்கள் என்பது என் அனுபவம்.

முதல் தொலைபேசிப் பேச்சில் மகன் சொன்னது: "அம்மா எதையும் விடமாட்டார். உங்களால் முடிந்தால் பாருங்கள்."

முதல் சந்திப்பு

இப்படிச் சொல்லப்படும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்று உண்டு. பொருள் பதுக்கல் கோளாறு என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல், மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனிக் கோளாறாகவே சேர்த்தது. மதிப்பு எதுவாக இருந்தாலும் பொருளைப் பிரிய முடியாமை, பிரியும்போது கடும் வேதனை, வாழும் இடங்கள் அவற்றுக்குரிய வேலைக்கே பயன்படாத அளவுக்கு நிறைந்து போதல் ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். அது இருந்தால் என்னைப் போன்றவர் போதாது. மருத்துவ உதவி வேண்டும். இவர் வீட்டில் கட்டிலில் படுக்க முடிந்தது, அடுப்பில் சமைக்க முடிந்தது, நடைவழி திறந்திருந்தது. அலமாரிகள் நிரம்பியிருந்தன, அவ்வளவுதான். 38 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த யாருடைய அலமாரிதான் நிரம்பியிருக்காது?

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டேவிட் எக்கர்ட் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வாழ்க்கை முழுவதும் நம்மோடு நகர்ந்து வரும் பொருள்களின் கூட்டத்தை அவர் ஒரு பயணக் குழுவுக்கு ஒப்பிடுகிறார். 50 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களின் பதில்களை வைத்து, லிண்ட்சே பேக்கருடன் சேர்ந்து அவர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயது ஏற ஏறப் பொருளைக் கழிப்பது குறைகிறது. 70 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 30 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எதையும் விற்கவில்லை. ஆனால் எல்லா வயதினரிலும் பாதிக்கு மேற்பட்டோர், தேவைக்கு அதிகமாகவே தம்மிடம் இருப்பதாகச் சொன்னார்கள். மிகுதியாக இருக்கிறது என்று தெரிந்தே பலர் கைவைக்காமல் இருக்கிறார்கள். இதை மகனிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று தெரியவில்லை.

அன்று நான் சாக்குப் பை எடுத்துப் போகவில்லை. அளவு நாடா எடுத்துப் போனேன். பழைய வீட்டில் அலமாரிகளும் தட்டுகளும் சுவரோரம் மொத்தம் 19 மீட்டர் நீளம் இருந்தன. புதிய வீட்டில் கிடைக்கக்கூடியது 6.5 மீட்டர். "மூன்றில் ஒன்று, கொஞ்சம் கூட" என்றார் அவர், நான் கூட்டி முடிப்பதற்குள். பிறகு ஒரு வரைதாளை எடுத்து, 25 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் புதிய வீட்டை வரைந்தார். கட்டில், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி அதன்மேல் நகர்த்தினார். நாளை நடைச்சட்டமோ சக்கர நாற்காலியோ வந்தால் வழி வேண்டும் என்று 90 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொன்னேன். எட்டுப் பேர் அமரும் சாப்பாட்டு மேசையின் அட்டையை அவரே மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, தாளுக்கு வெளியே தள்ளினார்.

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்" என்றார். "சுவரோடு என்ன சண்டை?"

இந்த ஒரு காலைக்காகவே, யார் கேட்டாலும் அளவிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்கிறேன். "இது எனக்குப் பிடிக்கிறதா" என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்டால், 38 ஆண்டுச் சேகரிப்பில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் "ஆம்" என்றுதான் வரும். "இந்த மூன்று தட்டுகளில் எவை நிற்கும்" என்று கேட்டால் பொருள்கள் தமக்குள் போட்டியிடத் தொடங்கும்.

நான் போட்ட வரிசை

உணர்வு குறைந்தவற்றில் தொடங்கி உணர்வு நிறைந்தவற்றில் முடிப்பது இந்த வேலையில் வழக்கம். அதன்படி எழுதினேன்: பரண், கொட்டகை, சமையலறையில் ஒன்றுக்கு மேல் இருப்பவை, துணி, புத்தகம், தாள்கள், கடைசியில் புகைப்படங்களும் கடிதங்களும். புகைப்படங்களுக்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்கினேன். கொட்டகையில் இருந்தவை கருவிகள். கணவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, யாராவது பயன்படுத்தட்டும் என்று கொடுத்துவிடுவார் என நினைத்து இரண்டாம் வாரத்தில் வைத்தேன்.

பரண் நன்றாகப் போனது. உடைந்த பெட்டிகள், இப்போது யாரிடமும் இல்லாத கருவிகளின் அட்டைப்பெட்டிகள், எழுத்து மங்கி வெறும் தாளாகிப்போன வெப்பத்தாள் ரசீதுகள். ஒரு பழைய பாதரச வெப்பமானி கிடைத்தது. அதை மட்டும் குப்பையில் போடாமல், அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் சேர்க்கத் தனியே வைத்தோம். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையின்படி இந்த வகை வெப்பமானிகளின் உற்பத்திக்கு 2020 இறுதிக் கெடு என்றாலும், வீடுகளின் பரண்களில் அவை இன்னும் கிடக்கின்றன. உடைந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சியாலோ எடுக்கவும் கூடாது.

இரண்டாம் வாரம் கொட்டகையைத் திறந்தோம். சுவரில் வரிசையாகத் தொங்கிய ரம்பம், இழைப்புளி, திருப்புளிகள், குறடுகள். கீழே ஒரு மரக் கருவிப்பெட்டி. பத்து நிமிடம் நின்றார். "இன்று போதும்" என்றார். அடுத்த இரண்டு சந்திப்புகளையும் ரத்துசெய்தார்.

நான் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்து பார்த்தபோது கணவரின் இழப்பைப் பற்றி மெதுவாகப் பேசினேன். ஒரு கருவியை மட்டும் நினைவாக வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பாடம் புரியாமலே தலையாட்டும் மாணவனை ஆசிரியர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து மூட்டைகள்

நான்காம் வார இறுதியில் மகன் உதவ வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஐந்து மூட்டைத் தாள்களைக் காரில் ஏற்றிக் கழிவுத்தாள் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டார். பழைய வினாத்தாள்கள் என்று நினைத்தார். பெரும்பாலும் அவை வினாத்தாள்கள்தான். ஆனால் ஒரு மூட்டையில், தாய் 30 ஆண்டுகள் கையால் எழுதிய பாடக் குறிப்புகள் இருந்தன. செவ்வாய்க்கிழமைதான் அவருக்குத் தெரிந்தது. திரும்பக் கேட்டபோது எல்லாம் கூழாகப் போய்விட்டிருந்தது.

மகனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இருந்தது இரண்டு நாள் விடுமுறையும் தாயின் முழங்காலைப் பற்றிய கவலையும். ஆனால் விளைவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன்பிறகு மூன்று வாரங்கள் தாய் எதையும் விடவில்லை. ஏற்கெனவே "கொடுக்கலாம்" என்று வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து மீண்டும் அலமாரியில் அடுக்கினார். அந்தக் குறிப்புகளை என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், நான்கு பக்கம் எடுத்துக்கொண்டு கொடுத்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். தாள் போனதை அவர் பொறுத்துக்கொண்டார். கேட்காமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதன்பிறகு ஒரு விதி வைத்தோம். வீட்டை விட்டு வெளியேறும் எந்த மூட்டையின் வாயையும் அவர் கையால்தான் கட்ட வேண்டும். மூட்டு வாதம் வந்த விரல்களுக்குக் கயிறு கட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும் என்று விட்டோம். அவர் கட்டாத மூட்டை நகராது. மகனும் தொலைபேசியில் இதற்கு ஒப்புக்கொண்டார், தழுதழுத்த குரலில்.

குழாய் ஒழுகிய நாள்

ஏழாம் வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. யாரையாவது கூப்பிடவா என்று கேட்டேன். "கைவிளக்கைப் பிடியுங்கள்" என்றார். கொட்டகைக்குப் போய் அந்த மரப்பெட்டியைத் திறந்து, பார்க்காமலேயே கைவிட்டுச் சரியான திருகுச்சாவியை எடுத்தார். தொட்டியின் அடியில் குனிந்து சாவியைப் பொருத்தினார். திருகினார். சாவி நகரவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவையெல்லாம் அவருடையவை என்று நினைத்தீர்களா?" என்று கேட்டார். "அவருக்கு ஓர் ஆணி நேராக அடிக்கத் தெரியாது. முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி இது. இந்த வீட்டில் நான் கழற்றிப் பார்க்காத பொருள் இல்லை."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொட்டகைச் சுவரில் ஆணின் கருவிகளைத்தான் நான் பார்த்திருந்தேன். அவரிடம் கணவரின் இழப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இழந்துகொண்டிருந்ததோ தன் கைகளை. கருவிகளைக் கொடுத்துவிட்டால், இனி இந்தக் கைகளால் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது போல அவருக்கு இருந்தது.

ஒரு பொருள் வெறுமனே உடைமையாக நிற்பதில்லை, அதை வைத்திருப்பவரின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதை நுகர்வோர் ஆய்வாளர் ரசல் பெல்க் 1988இல் விரிவாக எழுதினார். அதற்கும் முன்பே, 1890இல், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 'என்னுடையது' என்பதற்கும் 'நான்' என்பதற்கும் இடையே கோடு போடுவது கடினம் என்றார். இதையெல்லாம் படித்திருந்தும், எந்தப் பொருள் அந்த 'நான்' என்பதை நான் ஊகித்துவிட்டேன். என் தவறு அங்கேதான்.

அன்றே கேள்வியை மாற்றினோம். எதை நினைவாக வைத்துக்கொள்வது என்ற கேள்வியை விட்டோம். புதிய வீட்டில் எந்தப் பழுதை நீங்களே பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பட்டியல் சொன்னார்: தளர்ந்த கைப்பிடி, மூக்குக்கண்ணாடித் திருகு, நாற்காலிக் காலின் ஆட்டம், கடிகாரத்தின் மின்கலம், படம் மாட்டும் ஆணி. குழாயும் மின்சாரமும் பட்டியலில் இல்லை. அவற்றை அவரே விட்டுவிட்டார். ஒவ்வொரு கருவியையும் கையில் பிடித்துத் திருகிப் பார்த்தோம். தடித்த கைப்பிடி உள்ளவை விரலுக்கு எளிதாக இருந்தன. மெல்லியவற்றில் இரண்டுக்குத் துணி சுற்றித் தடிமனாக்கினோம். ஒன்பது கருவிகள் தேறின. மரப்பெட்டி பெரிதென்பதால் அவையும் ஒரு சிறிய தகரப் பெட்டிக்குப் போயின.

மீதியைத் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று பெற்றுக்கொண்டது. எடுத்துச் செல்ல இரண்டு மாணவர்கள் வந்தார்கள். "எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், உட்காருங்கள்" என்று சொல்லி, இழைப்புளியின் அலகை எப்படித் தீட்டுவது, ரம்பத்தின் பல் எந்தப் பக்கம் சாயும் என்று ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினார். அன்று மட்டும் எங்கள் இரண்டு மணி நேர வரம்பை மீறினோம். மூட்டையை அவர்தான் கட்டினார்.

எதிர்பார்த்த கடினங்கள்

புகைப்படங்களுக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தேன் அல்லவா? இரண்டு காலையில் முடிந்துவிட்டது. பதினொரு ஆல்பங்கள் இரண்டாயின. ஆள் இல்லாத மலை, ஆள் இல்லாத கடல், ஒரே காட்சியின் மூன்று பிரதிகள், யாரென்று அவருக்கே தெரியாத முகங்கள் எல்லாம் வேகமாகக் கழிந்தன. வைத்துக்கொண்டவற்றின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதினார். பேனா மை காலப்போக்கில் ஊறி முகப்பில் தெரியும்; அழுத்தி எழுதினால் தடம் பதியும். பழைய படச்சுருள்கள் இருந்த டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தது. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும். ஒரு சுருளில் தொடங்கினால் அருகில் உள்ளவற்றையும் அது வேகப்படுத்தும். காப்பாற்ற வேண்டிய சுருள்களை அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் அடர்த்தியில் வருடும் (ஸ்கேன் செய்யும்) இடத்துக்கு அனுப்பினோம். அச்சிட்ட சிறு படங்களுக்கு 600 புள்ளிகள் போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டு மேசையை விற்பதில் ஒரு சிறு தடங்கல். அவர் நினைத்த விலைக்குக் கிட்டவே யாரும் வரவில்லை. தன்னிடம் இருப்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் கூடிவிடும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், சற்று முன்புதான் கையில் கொடுக்கப்பட்ட குவளைக்கே, வாங்க வந்தவர்கள் தரத் தயாரானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள் அதைப் பெற்றவர்கள். சற்று முன் கிடைத்த குவளைக்கே அப்படியென்றால், பிள்ளைகள் வளர்ந்த மேசைக்கு? இதை அவரிடம் சொன்னபோது கணக்காசிரியைக்குச் சிரிப்பு வந்தது. பெரிய குடும்பம் ஒன்றுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

உண்மையில் கடினமாக இருந்தது மகளுக்கென்று வைத்திருந்த பீங்கான் தொகுதி. பல ஆண்டுகளாக உடையாமல் காத்தது. மகளுக்கு அது வேண்டாம். தொலைபேசியில் இருவரையும் பேச வைத்தேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஏன் வேண்டாம் என்று அம்மா கேட்கக் கூடாது, அந்த வீட்டில் உனக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டும். மகள் சற்று யோசித்துவிட்டு, தையல் எந்திரத்தின் அருகில் இருக்கும் பொத்தான் டப்பாவைக் கேட்டாள். சிறுமியாக இருந்தபோது அந்தப் பொத்தான்களை நிறம் பிரித்து விளையாடியதாகச் சொன்னாள். தாய்க்கு அது நினைவிலேயே இல்லை. பீங்கானைப் படம் எடுத்துவிட்டுக் கொடுத்தோம். படம் எடுப்பது வெறும் ஆறுதல் அல்ல. காரன் வின்டரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிரிய வேண்டிய பொருளைப் படம் எடுத்து நினைவை வைத்துக்கொள்ளச் சொன்ன மாணவர் விடுதிகளில் 613 பொருள்கள் நன்கொடையாக வந்தன. அப்படிச் சொல்லாத விடுதிகளில் 533. வித்தியாசம் மாயவித்தை அளவுக்கு இல்லை, ஆனால் உண்மையானது.

துணி, புத்தகம், பாத்திரம் பற்றி எழுத அதிகம் இல்லை. இடம் முடிந்ததும் முடிவும் முடிந்தது. தரைவிரிப்புகளை மட்டும் நான் வற்புறுத்தி விடச் சொன்னேன். ஓரம் சுருளும் விரிப்பு, தேய்ந்த முழங்காலுக்குப் பெரிய ஆபத்து. ஒவ்வோர் ஆண்டும் உலகில் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் மிகுதியானவர்கள் முதியவர்கள்.

இடமாற்றமும் ஆறு மாதங்களுக்குப் பிறகும்

இழந்த மூன்று வாரங்களால் மாறுவது ஒரு வாரம் தள்ளிப்போனது. முடிவெடுக்க முடியாதவை மூன்று பெட்டிகளில் போயின. உள்ளே என்ன என்று எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து வரும் தேதியை மட்டும் மேலே எழுதினார்.

அந்தத் தேதியில் நான் போனேன். ஒரு பெட்டியை அவர் முன்பே திறந்து முழுவதையும் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டாவதில் கணவரின் கடிதங்கள் இருந்தன. அவை அலமாரியில் இடம்பிடித்துவிட்டன. மூன்றாவதைத் திறக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் தள்ளித் தேதியை மாற்றி எழுதினார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கு அவர் வீட்டில் இடம் இருக்கிறது.

எதையாவது விட்டதற்கு வருத்தமா என்று கேட்டேன். மேசை, பீங்கான், ரம்பம் எதையும் சொல்லவில்லை. ஒரு முக்காலியைச் சொன்னார். வாசற்கதவின் அருகில், காலணி மாட்ட உட்காரும் பழைய முக்காலி. புதிய வீட்டில் நாற்காலிகள் இருக்கின்றனவே, இடத்தை அடைக்கும் என்று விடச் சொன்னவன் நான்தான். நாற்காலி அவருக்கு உயரமாக இருக்கிறது. குனிந்தால் முழங்கால் வலிக்கிறது. வாங்கிய புது முக்காலி தாழ்வாக இருக்கிறது. பழையதன் உயரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. அளவு நாடா அப்போதெல்லாம் என் பையில்தான் இருந்தது.

தகரப் பெட்டியைத் திறந்து, புது முக்காலியின் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்த முடியுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு சென்டிமீட்டர் போதும் என்றார். எனக்கு மூன்று வேண்டும் என்று தோன்றியது. அவர் சொன்ன இரண்டையே வைத்தோம்.